உடையும் உள்ளமும்

ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது, அவர் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். காவி உடுத்தியவரைக் கண்டால் நம் கைகள் தாமாகவே குவிகின்றன. விலையுயர்ந்த உடை அணிந்தவருக்கு எழுந்து இருக்கை தருகிறோம். அழுக்கு வேட்டி கட்டியவரிடமிருந்து சற்று விலகி நிற்கிறோம். கழுத்திலும் கையிலும் பச்சை குத்தி, காதில் வளையம் அணிந்த இளைஞனைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். இவை அனைத்தும் ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு கணத்தில் அவர்களுடைய உள்ளத்தைப் பற்றி நாம் அறிந்தது என்ன? ஒன்றுமில்லை. துணியையும் தோலையும் மட்டுமே பார்த்தோம்.

உடையும் உடலில் இட்டுக்கொள்ளும் அடையாளங்களும் ஒரு மனிதரைப் பற்றி உண்மையில் எதைத் தெரிவிக்கின்றன? ஆன்மீக சாதகருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. பிறரை எப்படிப் பார்ப்பது, தன்னை எப்படி வைத்துக்கொள்வது ஆகிய இரண்டும் இதில் அடங்கியிருக்கின்றன.

அர்ஜுனன் கேட்டதும் கேட்காததும்

பகவத்கீதையில் ஞானியின் அடையாளத்தைப் பற்றி அர்ஜுனன் இரண்டு இடங்களில் கேட்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில், நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி அமர்வான், எப்படி நடப்பான் என்று வினவுகிறான். பதினான்காம் அத்தியாயத்தில், முக்குணங்களையும் கடந்தவனை எந்த அடையாளங்களால் அறிந்துகொள்வது என்று கேட்கிறான்.

இந்தக் கேள்விகள் எழுந்த இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அது போர்க்களம். அங்கே ஒவ்வொரு வீரனும் தன் கொடியாலும் சங்கின் ஒலியாலும் கவசத்தாலும் அறியப்பட்டான். அர்ஜுனனின் தேரிலேயே அனுமக்கொடி பறந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நின்று அடையாளம் கேட்டவனுக்குக் கண்ணன் தந்த விடையில் உடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சடையைப் பற்றியோ மழித்த தலையைப் பற்றியோ, நெற்றிக் குறியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. துன்பத்தில் கலங்காமை, இன்பத்தில் ஆசை கொள்ளாமை, ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுப்பதுபோல் புலன்களை அடக்குதல், மண்ணாங்கட்டியையும் கல்லையும் பொன்னையும் ஒன்றாகக் காணுதல், நண்பனிடமும் பகைவனிடமும் சமமாக இருத்தல் ஆகியவையே அங்கே கூறப்படும் அடையாளங்கள். இவற்றில் எதையும் கடையில் வாங்கி அணிந்துகொள்ள முடியாது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. புற அடையாளங்களுக்கு மதிப்பே இல்லையென்றால், நம் மரபு ஏன் இத்தனை அடையாளங்களைத் தந்தது? துறவிக்குக் காவி எதற்கு? திருநீறும் திருமண்ணும் எதற்கு? முடி காணிக்கை எதற்கு?

புகையும் நெருப்பும்

இதற்கு விடை காண நியாய தரிசனம் நமக்கு ஓர் அருமையான கருவியைத் தருகிறது. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஊகிக்கிறோம். இங்கே புகை ‘லிங்கம்’, அதாவது அடையாளம். இந்த ஊகம் ஏன் சரியாகிறது? புகை இருக்கும் இடத்தில் எல்லாம் நெருப்பு இருந்தே தீரும் என்ற மாறாத தொடர்பு இருப்பதால்தான். இதற்கு ‘வியாப்தி’ என்று பெயர். நெருப்பில்லாத இடத்திலும் புகை எழும் என்றால் அந்த அடையாளம் ‘பிறழ்வுடையது’ ஆகிவிடும். அதை நம்பி எந்த முடிவுக்கும் வர இயலாது.

காவி உடையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். காவி உள்ள இடத்தில் எல்லாம் துறவு உண்டா? இல்லை. துறவு உள்ள இடத்தில் எல்லாம் காவி உண்டா? அதுவும் இல்லை. இல்லறத்தில் இருந்துகொண்டே முற்றும் துறந்தவர்கள் உண்டு; காவிக்குள் எதையும் துறக்காதவர்களும் உண்டு. ஆகவே உடை என்பது புகையைப் போன்ற இயற்கையான அடையாளம் அல்ல. மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒரு சங்கேதம், ஓர் ஏற்பாடு. அஞ்சல்காரரின் காக்கி உடை அவர் எந்தப் பணியில் இருக்கிறார் என்பதைச் சொல்லும். அவர் நேர்மையானவரா என்பதைச் சொல்லாது.

தர்ம சாஸ்திரங்களே இதைத் தெளிவாக உணர்ந்திருந்தன. துறவியைப் பற்றிப் பேசும் மனு ஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம், வெளி அடையாளம் தர்மத்திற்குக் காரணமாகாது என்று கூறிவிட்டு, தேற்றாங்கொட்டையை உவமையாகக் காட்டுகிறது. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் நீர் தெளியும். அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் தெளியாது. உடையும் அப்படித்தான். அது தெளிவின் பெயரே தவிர, தெளிவு அல்ல. நம் திருவள்ளுவரும் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், உலகம் பழிக்கும் செயலை ஒருவன் விட்டொழித்துவிட்டால் அவனுக்குத் தலையை மழிப்பதும் தேவையில்லை, சடை வளர்ப்பதும் தேவையில்லை என்ற கருத்தைக் கூறி முடிக்கிறார். அடையாளத்தை அவர் வெறுக்கவில்லை. அது எதற்கு ஈடாகாது என்பதையே காட்டுகிறார்.

ஆக, காண்பவருக்கு உடை ஒரு பலவீனமான சான்று. இதுவரை நாம் காண்பவரின் பக்கம் நின்று பார்த்தோம். அணிபவரின் பக்கம் வந்து பார்த்தால் காட்சி மாறுகிறது.

உடை மனத்தைத் தொடும்

ஸ்ரீராமகிருஷ்ணர் மனித இயல்பை மிக நுட்பமாகக் கவனித்தவர். உடை மனத்தை எப்படி மாற்றுகிறது என்பதை அவர் வேடிக்கையாக எடுத்துக்காட்டுவதுண்டு. கறுப்புக் கரை போட்ட மெல்லிய வேட்டியைக் கட்டிக்கொண்டவன் வாயில் தானாகவே காதல் பாட்டு வரும். சீட்டாட்ட ஆசையும் கைத்தடியும் அதன் பின்னே வந்துவிடும். நோஞ்சானாக இருப்பவன்கூட பூட்ஸ் அணிந்ததும் சீட்டியடித்துக்கொண்டு வெள்ளைக்காரனைப் போல் படியேறுவான். அன்றைய கல்கத்தாவில் அவர் அன்றாடம் கண்ட காட்சிகள் இவை.

இதன் உட்பொருளை வேதாந்தம் வேறு மொழியில் கூறுகிறது. ஸ்படிகத்தின் அருகே செம்பருத்தி மலரை வைத்தால் ஸ்படிகம் சிவப்பாகத் தெரிகிறது. மலர் ‘உபாதி’. ஆன்மாவுக்கு உடல் உபாதி என்றால், உடலுக்கு உடையும் ஓர் உபாதியே. ஸ்படிகம் உண்மையில் நிறம் மாறுவதில்லை. ஆனால் மனம் ஸ்படிகம் அல்ல. அது வெண்மையான துணியைப் போன்றது, அருகில் வைத்த சாயத்தை ஏற்றுக்கொள்ளும். எனவேதான் எந்தச் சாயத்தை அருகில் வைக்கிறோம் என்பதில் கவனம் தேவைப்படுகிறது.

இதே காரணத்திற்காகத்தான், தகுதியில்லாமல் காவி உடுத்துவதைக் குருதேவர் கண்டித்தார். மனம் ஓரிடத்திலும் உடை வேறிடத்திலும் இருப்பது கேடு. பொய்யைத் தொடர்ந்து அணிந்திருப்பவனுக்கு நாளடைவில் பொய்யைப் பற்றிய அச்சமே போய்விடும் என்பது அவர் கருத்து.

ஆயினும் அவர் கூறிய இரண்டு கதைகள் இந்தப் பொருளின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. பல வேடங்கள் போட்டுப் பிழைக்கும் பகுரூபி ஒருவன் துறவி வேடத்தில் செல்வந்தர்கள் முன் வந்தான். வேடத்தின் பொருத்தத்தைக் கண்டு மகிழ்ந்து அவர்கள் பணம் கொடுத்தபோது, தொடாமலே சென்றுவிட்டான். பிறகு முகம் கழுவி, தன் சொந்த உடையில் வந்து பணம் கேட்டான். முன்பு ஏன் மறுத்தாய் என்று கேட்டதற்கு, அப்போது துறவி வேடத்தில் இருந்தேன், எப்படிப் பணத்தைத் தொட முடியும் என்றான். கூலிக்கு வேடம் போட்டவனுக்கு வேடத்தின் மீது இருந்த மரியாதை அது.

மற்றொரு கதையில் மீன் பிடிப்பவன் ஒருவன் இரவில் ஒரு செல்வந்தரின் தோட்டத்துக் குளத்தில் திருட்டுத்தனமாக வலை வீசினான். காவலர்கள் தீப்பந்தங்களுடன் சூழ்ந்துகொண்டார்கள். தப்ப வழியில்லாமல் உடலெங்கும் சாம்பலைப் பூசிக்கொண்டு மரத்தடியில் கண்மூடி அமர்ந்துவிட்டான். திருடனைத் தேடி வந்தவர்கள் சாதுவைக் கண்டு வணங்கிச் சென்றார்கள். செய்தி பரவி, மறுநாள் மக்கள் பழமும் பூவும் காசும் கொண்டுவந்து அவன் முன் வைத்தார்கள். அவன் வியந்துபோனான். பொய்யான சாதுவுக்கே இவ்வளவு மதிப்பு என்றால், மெய்யாகவே சாதுவானால் இறைவனையே அடையலாம் அல்லவா என்று எண்ணினான். அந்த எண்ணம் அவன் வாழ்வைத் திருப்பிவிட்டது.

இரண்டு கதைகளிலும் வேடம் அணிந்தவனிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. பகுரூபியிடம் ஒரு நாழிகைப் பற்றின்மையைக் கேட்டது. மீனவனிடம் வாழ்நாள் முழுவதையும் கேட்டது. நாம் தேடும் அளவுகோல் இங்கேதான் கிடைக்கிறது. ஓர் அடையாளம் அணிந்தவரிடமிருந்து எதையாவது கேட்டால் அது விரதம். பிறரிடமிருந்து எதையாவது கேட்டால் அது வேடம். துணி ஒன்றாகவே இருக்கலாம்; கேள்வி யாரை நோக்கிச் செல்கிறது என்பதுதான் வேறுபாடு.

பன்னிரண்டு காவித் துணிகள்

1886 ஜனவரி மாதம். ஸ்ரீராமகிருஷ்ணர் கடும் நோயுற்றுக் காசிப்பூர் தோட்ட வீட்டில் தங்கியிருந்தார். கங்காசாகர் யாத்திரைக்காக வந்திருந்த சாதுக்களுக்குக் கொடுக்க எண்ணி, மூத்த கோபால் பன்னிரண்டு காவித் துணிகளையும் ருத்திராட்ச மாலைகளையும் வாங்கி வந்தார். குருதேவர் அங்கே தமக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த இளைஞர்களைக் காட்டி, இவர்களைவிடச் சிறந்த சாதுக்களை எங்கே காண்பாய் என்ற பொருள்பட உணர்த்தி, அவற்றை இவர்களுக்கே கொடுக்கச் செய்தார். நரேந்திரர், ராக்கால் முதலிய பதினொருவருக்கு அவை கிடைத்தன. பன்னிரண்டாவது துணி கிரீஷ் சந்திர கோஷுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் நாம் பாடமாகக் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவதாக, அந்த இளைஞர்கள் காவி உடுத்தியதால் சாதுக்கள் ஆகவில்லை. சாதுக்களாக இருந்ததால் காவி அவர்களைத் தேடி வந்தது. இரண்டாவதாக, கிரீஷ் இல்லறத்தார். நாடக ஆசிரியர், நடிகர். ஊரார் பலரும் மதிக்காத பழக்கவழக்கங்கள் கொண்டிருந்தவர். அவருக்கும் ஒரு துணி ஒதுக்கிய கண்கள் உடையைக் கடந்து எதையோ கண்டன. மூன்றாவதாக, தோதாபுரியிடம் முறைப்படி துறவறம் ஏற்ற ஸ்ரீராமகிருஷ்ணர் தாம் சாதாரணமாக வெள்ளை வேட்டியையே உடுத்தி வந்தார். காவியை வழங்கியவருக்குக் காவி தேவைப்படவில்லை. அதைப் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது? காவி நெருப்பின் நிறம் என்று மரபு விளக்கம் தரும். துறவறம் ஏற்கும்போது குடுமியும் பூணூலும் வேள்வித் தீக்கு அர்ப்பணிக்கப்படுகின்றன. குலமும் பெயரும் அத்துடன் எரிந்துவிடுகின்றன. அந்தத் தீயை நினைவூட்டும் துணியே பிறகு உடலில் தங்குகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. காவிக்கல்லை அரைத்துக் கரைத்துத் தோய்க்கும் சாயம் நிலையானது அல்ல. துவைக்கத் துவைக்க அது வெளுத்துக்கொண்டே வரும். மீண்டும் மீண்டும் தோய்க்க வேண்டும். துறவும் ஒரு நாளில் பூசி முடிந்துவிடும் சாயம் அல்ல என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாளியில் கரைந்து வரும் நிறமே சொல்லிவிடும்.

உடலே ஏடாக

வெளுக்கும் சாயத்தைப் பற்றிப் பேசினோம். வெளுக்காத சாயத்தைத் தேர்ந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. சத்தீஸ்கரில் மகாநதிக் கரையை ஒட்டிய கிராமங்களில் வாழும் ராம்நாமிகள் அவர்கள். 1890களில் பரசுராம் என்பவரின் வழிகாட்டலில் தோன்றிய இயக்கம் இது. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டு, கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட மக்கள் அவர்கள். இறைவன் திருமேனியைக் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆனால் திருநாமத்தை யார் தடுக்க முடியும்? புகைக்கரியைக் குழைத்து ஊசியால் குத்தி, ‘ராம ராம’ என்னும் நாமத்தைத் தேவநாகரி எழுத்தில் தங்கள் உடலிலேயே எழுதிக்கொண்டார்கள். சிலர் நெற்றியில் மட்டும், சிலர் முகம் முழுவதும், மற்றும் சிலர் தலை முதல் கால் வரை. ஆண்களும் பெண்களும் இதில் சேர்ந்தே இருந்தார்கள். ராம நாமம் எழுதிய வெண்ணிறத் துணியைப் போர்த்தி, மயிற்பீலி முடி சூடி, சதங்கை ஒலிக்கத் துளசிதாசரின் ராமசரிதமானஸை ஓதுவது அவர்களுடைய வழிபாடு. அவர்களுக்கு ராமன் உருவங்களைக் கடந்த பரம்பொருள்.

ஊசி குத்தும் வலியைத் தாங்கி, முகத்தில் இப்படியோர் அடையாளத்தை ஏற்றவர் எதைப் பெற்றார்? அன்றைய சமுதாயத்திடமிருந்து மரியாதையைப் பெறவில்லை. ஏளனமும் எதிர்ப்புமே கிடைத்தன. ஆனால் அந்த அடையாளம் அவரிடம் ஒன்றைக் கேட்டது. ராம நாமம் எழுதிய உதடுகளால் பொய் சொல்லலாமா? அந்த நாமம் எழுதிய கைகளால் மதுக்கிண்ணத்தை எடுக்கலாமா? மதுவையும் புகையையும் விலக்குவது அவர்களுடைய நெறி. எந்த உடலைத் தீட்டு என்று சொல்லித் தள்ளினார்களோ, அந்த உடலே கோயிலாயிற்று. அரசன் கட்டிய கோயிலுக்குச் சாவி வேண்டும். இந்தக் கோயிலைப் பூட்ட யாராலும் இயலவில்லை.

இன்று முழு உடலிலும் நாமம் எழுதியவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. படிப்பிற்கும் வேலைக்கும் வெளியூர் செல்லும் இளைய தலைமுறையினர் முகத்தில் எழுதிக்கொள்ளத் தயங்குகிறார்கள். இதை வெறும் வீழ்ச்சி என்று கருத வேண்டியதில்லை. தோலில் எழுதியது நெஞ்சில் எழுதுவதற்கான வழியே என்றால், நெஞ்சில் எழுதும் பணி அந்தப் பிள்ளைகளுக்கும் மீதமிருக்கிறது, நமக்கும் மீதமிருக்கிறது.

உடலை மாற்றாமல் விடுவதுகூட ஓர் அடையாளமாக முடியும். 1675-இல் குரு தேக்பகதூர் டில்லியில் கொல்லப்பட்டார். 1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில், ஆனந்தபூரில் அவருடைய மகன் குரு கோவிந்த சிங் கால்சாவை நிறுவினார். வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, அரைக்கால் உள்ளாடை, குறுவாள் ஆகிய ஐந்தும் கால்சா சீக்கியரின் அடையாளங்கள். ஆபத்து நேர்ந்தால் கூட்டத்தில் மறைந்துகொள்ள முடியாத தோற்றம் அது. ஒளிந்துகொள்ளும் வழியைத் தானே அடைத்துக்கொள்வதும் ஒரு விரதம்தான்.

அன்னையின் வளையல்கள்

இதுவரை பார்த்தவை விரும்பி ஏற்ற அடையாளங்கள். சமுதாயம் பிறர் மீது சுமத்தும் அடையாளங்களும் உண்டு. அவற்றையும் விரதம் என்று போற்றிவிடக் கூடாது.

1886 ஆகஸ்ட் 16 அன்று ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். அன்றைய வங்காள வழக்கப்படி, கணவனை இழந்த பெண் வளையல்களைக் கழற்றி, கரையில்லாத வெள்ளைத் துணியை உடுத்த வேண்டும். அன்னை ஸ்ரீசாரதாதேவி வளையல்களைக் கழற்றத் தொடங்கினார். அப்போது குருதேவர் காட்சி தந்து, தாம் எங்கும் போய்விடவில்லை, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வந்திருப்பது போன்றதுதான் இது என்று உணர்த்தித் தடுத்தார். அன்னை தம் புடவையின் சிவப்புக் கரையைக் கிழித்து மெல்லியதாக்கி உடுத்திக்கொண்டார். பின்னர்க் காமார்புகூரில் ஊராரின் பேச்சுக்கு அஞ்சி வளையல்களைக் கழற்ற நேர்ந்தபோதும் காட்சி கிடைத்தது. கௌரீமாவும் சாஸ்திரத்தை எடுத்துக்காட்டி, அழியாத பரம்பொருளைக் கணவனாகப் பெற்றவருக்குக் கைம்மை ஏது என்று விளக்கினார். அதன்பின் அன்னை வளையல்களைக் கழற்றவில்லை.

அன்னை உலக வழக்கை எதிர்த்து முழக்கமிட்டவர் அல்லர். நாணமும் அடக்கமும் வடிவானவர். எனினும் உடை என்பது உண்மையைச் சொல்ல வேண்டும், ஊர் சொல்லச் சொன்னதைச் சொல்லக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கைம்பெண்களின் தலையை மழித்து, வெள்ளை உடுத்தச் செய்து, மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கி வைத்த வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. அதன் எச்சம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. துறவியின் மழித்த தலையும் அந்தப் பெண்ணின் மழித்த தலையும் பார்வைக்கு ஒன்றே. முன்னது தானே அளித்த ஆஹுதி. பின்னது பிறர் பறித்துக்கொண்டது. பறித்துக்கொண்டதற்குத் துறவு என்று பெயர் சூட்டுவது துறவுக்கே இழுக்கு.

கறுப்புக் கோட்டும் செந்நிற அங்கியும்

அடையாளத்தைப் போற்றியவர்கள் அதற்கு அடிமையாகவும் இல்லை. 1893 ஆகஸ்ட் 20 அன்று, சர்வசமயப் பேரவைக்குச் சில வாரங்கள் முன்பு, சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து சென்னையிலுள்ள அளசிங்கப் பெருமாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்முடைய விநோதமான உடையைக் காணத் தெருவில் கூட்டம் கூடிவிடுகிறது. ஆகவே வெளியே செல்வதற்கு நீண்ட கறுப்புக் கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, செந்நிற அங்கியையும் தலைப்பாகையையும் சொற்பொழிவுகளுக்கு வைத்துக்கொள்ளப் போவதாகவும், அங்குள்ள பெண்மணிகள் கூறிய யோசனை இது என்றும் அதில் தெரிவித்தார்.

கறுப்புக் கோட்டு அணிந்த நேரத்தில் அவர் துறவியாக இல்லாமல் போய்விட்டாரா? குளிரும் கூட்டமும் கோட்டைக் கேட்டன, அணிந்தார். பாரதத்தின் ஆன்மீகம் தன் குரலில் பேச வேண்டிய மேடை அங்கியைக் கேட்டது, அணிந்தார். இரண்டிலும் தம்மைப் பற்றிய நினைவு இல்லை.

காந்தியடிகளின் வாழ்விலும் இதைக் காணலாம். 1888-இல் லண்டனுக்குச் சென்ற இளம் காந்தி, ஆங்கிலேய கனவானாகத் தோன்றுவதற்காகப் பத்தொன்பது ஷில்லிங்கில் ஓர் உயர்ந்த தொப்பியும், பத்து பவுனில் மாலை நேர உடையும் வாங்கினார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் முழங்கால் வேட்டிக்கு மாறினார். முதல் உடை, பிறர் தம்மை மதிக்க வேண்டும் என்று கேட்டது. இரண்டாவது உடை, மாற்றுத் துணிக்கு வழியில்லாத ஏழைகளோடு நீ நிற்கிறாயா என்று அவரையே கேட்டது. 1931-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சென்றபோதும் அவர் அந்த விடையை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்றைய இளைஞர்களும் நாமும்

நம் பாட்டிமார்களின் முன்கையில் கோலமும் தேளும் பச்சையாகக் குத்தப்பட்டிருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்லவில்லை. இன்று அவர்களின் பேரன் அதே கையில் ஓர் உருவத்தைக் குத்திக்கொண்டு வந்தால் வீட்டில் புயல் வீசுகிறது. கண்டிப்பதற்கு முன் பெற்றோர் ஒன்று செய்யலாம். அது அவனுக்கு என்ன பொருள் தருகிறது என்று அன்போடு கேட்கலாம். இறந்துபோன தாயின் பெயராக இருக்கலாம். வேல் வடிவமாக இருக்கலாம். நண்பர்கள் அனைவரும் குத்திக்கொண்டார்கள் என்பதாகவும் இருக்கலாம். பலருடைய அடையாளங்களுக்குப் பின்னே, நான் யார் என்ற ஏக்கமே நிற்கிறது. வேதாந்தத்தின் முதல் கேள்வியும் அதுவே. கேள்வி சரியானது, விடையைத் தோலில் தேடுவதில்தான் குறை. அந்தக் கேள்வியை மதித்துப் பேசினால் அவன் செவி சாய்ப்பான். தோலை மட்டும் பார்த்து ஏசினால் கதவு மூடிவிடும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். பச்சை குத்திய மை தோலின் உள்ளடுக்கில் தங்கிவிடுகிறது. லேசர் கொண்டு அகற்றப் பல முறை சிகிச்சை தேவைப்படும். அப்போதும் தழும்பு எஞ்சலாம். மனமோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மாறும் மனத்தின் ஒரு நாள் விருப்பத்தை மாறாத மையால் எழுதுவதற்கு முன், அது விருப்பமா, விரதமா என்று ஆராய்ந்து பார்ப்பது அறிவுடைமை. பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்துபவர் தம் அழகின் மீதுள்ள பற்றைச் சிறிது நேரம் இறைவனிடம் வைத்துவிட்டு வருகிறார். முடி திரும்ப வளர்ந்துவிடும். அந்தப் பற்றும் அத்துடன் சேர்ந்து வளராமல் பார்த்துக்கொள்வதே காணிக்கையின் மறுபாதி.

சாதகருக்கு மூன்று கேள்விகள்

இந்தப் பாடத்தை அன்றாட வாழ்வில் பயில, காலையில் உடை அணியும் வேளையே போதுமானது. கண்ணாடி முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: நான் அணியும் இது பிறரிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது? பாராட்டையா, அச்சத்தையா, பொறாமையையா?

இரண்டாவது: இது என்னிடமிருந்து எதைக் கேட்கிறது? நெற்றியில் திருநீறு அணிந்தால், எல்லாம் ஒரு நாள் சாம்பலாகும் என்ற நினைவை அது கேட்கிறது. பணிக்குரிய சீருடை அணிந்தால், அன்றைய கடமையில் நேர்மையைக் கேட்கிறது. கேட்டதை மாலைக்குள் கொடுத்தேனா?

மூன்றாவது: இன்று நான் சந்திக்கப்போகும் மனிதரை, அவர் அணிந்திருப்பதைக் கடந்து பார்ப்பேனா? மூன்றிலும் கடினமானது இதுவே. நம்முடைய உடையை நாம் ஆராய்ந்துவிடலாம். பிறருடைய உடையைக் கண்டதும் எழும் தீர்ப்பை நிறுத்துவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். கிழிந்த துணிக்குள் இருப்பவரும் பட்டுக்குள் இருப்பவரும் பச்சை குத்திய தோலுக்குள் இருப்பவரும் ஒரே ஆன்மா என்பது நாம் படித்த வேதாந்தம். அது உண்மையில் நம்முடையதா என்பது, வாசலில் வந்து நிற்பவரை நாம் வரவேற்கும் விதத்தில் தெரிந்துவிடும்.

நைந்த ஆடைகளைக் களைந்து புதியவற்றை உடுத்துவதுபோல் ஆன்மா உடல்களை ஏற்றுக் களைகிறது என்பது கீதையின் உபதேசம். அந்த நோக்கில் இந்த உடலே ஒரு துணிதான். அதன்மேல் இன்னொரு துணி, அதன்மேல் ஓர் அடையாளம். ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பை அளிப்போம். எதையும் மனிதரின் மீது போட்ட பூட்டாக ஆக்காமல் இருப்போம். அணிந்த அடையாளத்திற்கு உண்மையாக வாழும் வலிமையையும், அடையாளங்களைக் கடந்து காணும் கண்களையும் குருதேவர் நம் அனைவருக்கும் அருள்வாராக.